யூட்டா கேன்யன் பக்கம் டென்ட் போட இடம் தேடறவங்களுக்கு, எங்க அனுபவத்துல இருந்து

மார்ச் மாசம் பொறந்தாலே எங்க டென்வர் வட்டாரத்துல ஒரே கேள்விதான், "மோஆப் போறோம், ஆர்ச்சஸ் உள்ள ஒரு சைட்கூட இல்ல, ஹோட்டல் வாடகையப் பாத்தா தலை சுத்துது, நீங்கல்லாம் எங்கதான் தங்குறீங்க?" மோஆப்ங்கிறது அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கிற ஒரு சின்ன ஊரு, ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ்னு ரெண்டு நேஷனல் பார்க் அது பக்கத்துல இருக்கு, சைட்னா ஒரு குடும்பம் டென்ட் போட ஒதுக்குன எடம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போடறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வந்திருந்தா அவங்களும், சாதாரண எஸ்யூவி, ரெண்டு டென்ட். பெரிய ஆர்வி (உள்ளயே படுத்துத் தூங்குற வீடு மாதிரி வண்டி) வச்சிருக்கவங்களுக்கும் பத்து மைல் மூட்டை தூக்கிட்டு நடந்து போய் தங்குறவங்களுக்கும் வேற கணக்கு, இது எங்கள மாதிரி வண்டி பக்கத்துலயே டென்ட் போடற குடும்பங்களுக்கு.

முதல்ல நிலவரத்த சொல்லிடறேன். ஆர்ச்சஸ் பார்க் உள்ள டெவில்ஸ் கார்டன்னு ஒரே ஒரு கேம்ப்கிரவுண்டுதான், 51 சைட். மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஆன்லைன் ரிசர்வேஷன், ஆறு மாசம் முன்னாடியே திறப்பாங்க, திறந்த வேகத்துல போயிடும். கேன்யன்லேண்ட்ஸ்ல ஐலண்ட் இன் த ஸ்கை பக்கம் வெறும் 12 சைட், அதுக்கு ரிசர்வேஷனே கிடையாது, முதல்ல வந்தவங்களுக்குத்தான். அதே பார்க்கோட நீடில்ஸ் பக்கம் 26. ஆர்ச்சஸ்க்கு மட்டும் வருஷத்துக்கு 14, 15 லட்சம் பேர் வர்றாங்க, அதுல இந்த கொஞ்சூண்டு சைட்டுக்குள்ள நம்ம பேரு வரும்னு காத்திருந்து, கிடைக்கலன்னதும் ட்ரிப்பையே கேன்சல் பண்றவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும். ஏன்னா அந்த ஊர்ல ராத்திரி தங்க நல்ல எடம் எல்லாம் பார்க்குக்கு வெளியதான் இருக்கு, அதுவும் ஏராளமா இருக்கு.

யூட்டா மாநிலத்துல மூணுல ரெண்டு பங்கு நிலம் கிட்டத்தட்ட ஃபெடரல் அரசாங்கத்தோடது. அதுல பி.எல்.எம்னு சொல்ற நில நிர்வாகத் துறை கைல மட்டும் 2 கோடியே 20 லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கு. அதனால அங்க போய் "எங்க கேம்ப் பண்ணலாம்"னு தேடறதுக்கு முன்னாடி "இந்த நிலம் யாரோடது"ன்னு பாக்க பழகிக்கணும். நான் எல்லாருக்கும் முதல்ல சொல்றது இதுதான். நில உரிமை கலர் போட்ட மேப் ஒண்ண ஃபோன்ல இறக்கி வச்சுக்கோங்க, இதுக்குன்னே ஆப் நிறைய இருக்கு, இல்லன்னா மோஆப் ஊருக்குள்ள இருக்கிற விசிட்டர் சென்டர்லயே பேப்பர் மேப் வாங்கலாம். மஞ்சள் கலர்னா பி.எல்.எம், பச்சைன்னா நேஷனல் ஃபாரஸ்ட், ஊதான்னா நேஷனல் பார்க், நீலம்னா மாநில அரசு, வெள்ளைன்னா தனியார் நிலம், ஆரஞ்சுன்னா பழங்குடி மக்களோட நிலம். மஞ்சளுக்கு நடுவுல அங்கங்க ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமா நீலக் கட்டம் தெரியும், அது அந்தக் காலத்துல பள்ளிக்கூடச் செலவுக்குன்னு மாநிலத்துக்கு ஒதுக்கிக் குடுத்த நிலம், அங்க ரூல்ஸ் கொஞ்சம் மாறும். ஆரஞ்சு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. மான்யுமென்ட் வேலி முழுக்க நவஹோ மக்களோட நிலம், பாத்தா காலியா கெடக்குற மணல்தானேன்னு தோணும், ஆனா அது ஒரு தனி அரசாங்கம் நடத்துற பூமி, அனுமதி இல்லாம டென்ட் அடிக்கக் கூடாது, அங்க தங்கணும்னா முறையான கேம்ப்கிரவுண்டுலதான் தங்கணும். அவங்க வீட்டு முத்தத்துல போய் நாம கேக்காம படுக்க மாட்டோம்ல.

சரி, எடத்துக்கு வர்றேன். குடும்பத்தோட முதல் தடவை போறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது ஹைவே 128. மோஆப்க்கு வடக்க, ஊர் முடியற எடத்துல கொலராடோ ஆத்து பாலத்துக்கு முன்னாடி பிரியும், அங்க இருந்து ஆத்த ஒட்டியே மைல் கணக்கா போகும், ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு பாறைச் சுவர் வானத்துக்கு நிக்கும். அந்த ரோட்டோரம் வரிசையா பி.எல்.எம் கேம்ப்கிரவுண்டு, கூஸ் ஐலண்ட், டிரிங்க்ஸ் கேன்யன், ஹால் கேன்யன், ஓக் குரோவ், பிக் பெண்ட், இன்னும் மேல போனா ஹிட்டில் பாட்டம். தனி சைட் எல்லாமே முதல்ல வர்றவங்களுக்கு. நாங்க கடைசியா போனப்ப ஒரு ராத்திரிக்கு 20 டாலர். பெஞ்சு மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம், தண்ணி இல்லாத குழி டாய்லெட், அவ்ளோதான், குழாய் கிடையாது, கரன்ட் கிடையாது. டென்வர்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம், ஐ-70 ஹைவேல வந்துட்டு நேரா மோஆப் போய் அங்க இருந்து திரும்ப 128 ஏறாதீங்க, சிஸ்கோ பக்கத்துல இருக்கிற எக்ஸிட்லயே எறங்கி 128ஐ மேல் முனைல இருந்து பிடிங்க, வழியில டூயி பிரிட்ஜ் வரும், 1916ல கட்டுன பழைய தொங்கு பாலம், 2008ல ஒரு சின்னப் பையன் தீப்பெட்டி வச்சு விளையாடி மரம் பூரா எரிஞ்சு போச்சு, இப்ப இரும்பு வடம் மட்டும் தொங்குது. அங்க இருந்து கீழ வர வர ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டா எட்டிப் பாத்துட்டே வரலாம், கூட்டம் ஊர்ல இருந்து மேல ஏறும், நீங்க எதிர்ப்பக்கம் இருந்து வர்றதால காலி சைட் முதல்ல உங்க கண்ணுலதான் படும்.

முதல்ல வர்றவங்களுக்குன்னு இருக்கிற எடத்துல சைட் புடிக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. சாயங்காலம் போகவே கூடாது. காலைல எட்டுல இருந்து பத்து மணிக்குள்ள போங்க, காபி குடிச்சு டென்ட்டை மடிச்சுட்டு ஜனங்க கிளம்பற நேரம் அதுதான். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு நம்பர் போட்ட கம்பம் இருக்கும், அதுல ஒரு துண்டு பேப்பர் கிளிப்ல சொருகியிருக்கும். பணம் கட்டுற கவர்ல இருந்து கிழிச்ச பாதி அது, வண்டி நம்பர், எந்த தேதி வரைக்கும் பணம் கட்டியிருக்காங்கன்னு அதுல பேனால எழுதியிருக்கும். நான் வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு எறங்கி நடந்தே ஒரு சுத்து சுத்துவேன், பேப்பர்ல இன்னைக்கு தேதி இருந்து, ஆளுங்களும் ஸ்லீப்பிங் பேக் சுருட்டிட்டு இருந்தா, சிரிச்ச முகமா போய் குட் மார்னிங் சொல்லி நீங்க கிளம்புறீங்களா, நாங்க எடுத்துக்கலாமான்னு கேட்டுடுவேன். நம்ம ஆளுங்களுக்கு இப்படி கேக்க கூச்சம், கேம்ப் பண்றவங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, நிறைய பேர் அவங்க மிச்ச விறகையும் குடுத்துட்டுப் போவாங்க. எடம் கிடைச்சதும் ஒரு நாற்காலி, மேஜைத் துணின்னு ஏதாவது போட்டுட்டு, உடனே வாசல்ல இருக்கிற இரும்புப் பெட்டிக்குப் போய் கவர் எடுத்து பணம் வச்சு சைட் நம்பர் எழுதி உள்ள போட்டு, துண்ட கொண்டுவந்து கம்பத்துல சொருகணும். சில்லறை நோட்டா வச்சுக்கோங்க, இருபது டாலருக்கு அம்பது நோட்டு போட்டா பெட்டி பாக்கி தராது. பக்கத்துல ஃபோன் சிக்னல் இருக்கும்னு நம்பாதீங்க, அந்தப் பாறைச் சுவருக்கு நடுவுல ஒரு கோடுகூட வராது.

வியாழக்கிழமை காலைல போய் சேர்ற மாதிரி லீவு போட முடிஞ்சா பாதி கஷ்டம் தீந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வசந்த காலத்துலயும் அக்டோபர்லயும் எல்லாமே நிரம்பிடும். ஈஸ்டருக்கு முந்தின ஒன்பது நாளும் அந்தப் பக்கமே தலை வைக்காதீங்க, ஈஸ்டர் ஜீப் சஃபாரின்னு 1967ல இருந்து நடக்குது, ஊர் பூரா ஜீப்தான்.

அம்மா அப்பா கூட வந்தா இன்னொரு விஷயம். 62 வயசு தாண்டின சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு இருக்கவங்களுக்கும் சீனியர் பாஸ்னு ஒண்ணு உண்டு, அது இருந்தா இந்த பி.எல்.எம் கேம்ப்கிரவுண்டு நிறையதுல பாதிக் காசுதான். விசிட்டர் விசால வந்தவங்களுக்கு அது கிடையாது. வருஷ பாஸ் வச்சிருக்கோமே போதாதான்னு சில பேர் கேக்கறாங்க, அது பார்க் உள்ள நுழையறதுக்கு மட்டும், ராத்திரி தங்குற காசு தனி.

128 நிரம்பிட்டா அடுத்து என்னன்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுத்தான் நாங்க கிளம்புவோம். ஐலண்ட் இன் த ஸ்கை போற ஹைவே 313ல ஹார்ஸ்தீஃப், கௌபாய் கேம்ப். பொட்டாஷ் ரோடுன்னு சொல்ற 279ல வில்லியம்ஸ் பாட்டம், கோல்ட் பார். தெற்க போனா நீடில்ஸ் போற 211 வழியில இண்டியன் கிரீக், அங்க சூப்பர்பௌல், கிரீக் பாஸ்ச்சர், ஹேம்பர்கர் ராக்னு இருக்கு. எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இந்த இண்டியன் கிரீக்தான், பாறை ஏறுறவங்க வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் வந்து வாரக்கணக்குல கிடப்பாங்க, ஆனாலும் ஊர்ல இருந்து தள்ளி இருக்கிறதால கூட்டம் 128 அளவுக்கு நெருக்காது. போற வழியிலயே நியூஸ்பேப்பர் ராக்னு ஒரு பாறை, ஒரே பாறைல நூத்துக்கணக்குல மான், ஆடு, மனுஷக் காலடின்னு பழங்குடி மக்கள் கொத்தி வச்சிருக்காங்க, பசங்க அத விட்டு வரவே மாட்டாங்க. எதுவுமே கிடைக்கலன்னா க்ரீன் ரிவர் ஊருக்குப் போயிடுவோம், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அங்க ஆத்தங்கரைல ஸ்டேட் பார்க் இருக்கு, புல் தரை, பெரிய பெரிய மரம், குளிக்க ஷவர். அங்க இருந்து மேற்க போறவங்க பெட்ரோல் நிரப்பிக்கோங்க, சலைனா ஊர் வரைக்கும் நூறு மைலுக்கு மேல ஐ-70ல ஒரு பெட்ரோல் பங்க் கூட கிடையாது.

இனி காசு குடுக்காம திறந்தவெளில தங்குற விஷயம். பி.எல்.எம் நிலத்துல தடை போடாத எடத்துல 14 நாள் வரைக்கும் சும்மா தங்கலாம்ங்கிறது பொதுவான விதி. ஆனா மோஆப் பக்கம் அப்படி நெனச்சுட்டுப் போகாதீங்க. கூட்டம் கூடக் கூட ஒவ்வொரு எடமா கட்டுப்பாடு போட்டுட்டாங்க, நிறைய ரோட்டுல டென்ட் படம் போட்ட பழுப்புக் கம்பம் எங்க நட்டிருக்கோ அங்க மட்டும்தான். பத்து வருஷம் முந்தின பதிவப் படிச்சுட்டு டால்டன் வெல்ஸ்ல ஃப்ரீயா தங்கலாம்னு வர்றவங்க இன்னும் இருக்காங்க, அது இப்ப யூட்டாராப்டர் ஸ்டேட் பார்க். அதனால கிளம்பறதுக்கு முந்தின வாரம் பி.எல்.எம் மோஆப் ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டு, இந்த ரோட்டுல தங்கலாமா, ரோடு எப்படி இருக்கு, நெருப்பு போடலாமான்னு மூணு கேள்வி கேட்டுடுங்க. பொறுமையா பதில் சொல்வாங்க. ஏற்கனவே வண்டி நின்னு, டென்ட் போட்டு மொட்டையா ஆன எடத்துலதான் தங்கணும், புதுசா ஒரு எடத்த உருவாக்கக் கூடாது. இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அந்த மண்ணு மேல கருகருன்னு பொருக்கு தட்டுன மாதிரி ஒண்ணு இருக்கும், சின்னச் சின்னக் கோபுரம் மாதிரி எழும்பி நிக்கும், பாத்தா அழுக்கு மாதிரிதான் இருக்கும், அது உயிரு. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேந்து மண்ண இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கு, அதனாலதான் காத்துல மணல் பறக்காம, ஒரு செடியாவது வேர் பிடிக்குது. ஒரு காலடி பட்டா பழைய நிலைக்கு வர பல பத்து வருஷம் ஆகும். பசங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்துட்டா அவங்களே நம்மள அதட்டுவாங்க, "அம்மா, கறுப்பு மண்ணு, மிதிக்காத"ன்னு. பாறை மேல நடங்க, இல்லன்னா மணல் ஓடையில நடங்க.

நடக்கலாம், ஆனா அந்த மணல் ஓடையில படுக்கக் கூடாது. இந்த ஊர்ல டென்ட் போட வர்றவங்க கண்ணு நேரா அங்கதான் போகும். சுத்தியும் கல்லும் முள்ளுமா இருக்கும், நடுவுல மட்டும் மெத்தை மாதிரி சமமா சுத்தமான மணல், ஓரத்துல ஒரு மரம் நிழல். அங்க அதுக்கு வாஷ்னு பேரு, நம்ம ஊர்ல காட்டாறு. என் மாமனாருக்கு தென்காசி பக்கம், வாழ்க்கை பூரா விவசாயம். முதல் தடவை கூட்டிட்டுப் போனப்ப சுத்திமுத்தி பாத்துட்டு, "ஏம்மா, ஒரு பொட்டு ஈரம் இல்ல, இங்கயா வெள்ளம் வருதுங்கறாங்க?"ன்னு கேட்டார். வாங்க மாமான்னு ஓடைக்குள்ள கூட்டிட்டுப் போனேன். அவரு குனிஞ்சு ஒரு கல்ல எடுத்து உருட்டிப் பாத்தார், ஓரத்துப் புதர்ல கைய விட்டு காஞ்ச குச்சியும் வேருமா சிக்கியிருந்தத இழுத்தார், அது அவரு இடுப்பு உயரத்துல இருந்துச்சு. ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் "இது தண்ணி வந்த தடம்மா. குத்தாலத்துலயும் இப்படித்தான், மலைல பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே அருவில செம்மண் தண்ணி எறங்கும். இதுக்குள்ள எவனும் பாய் விரிக்க மாட்டான்"னுட்டு மேல ஏறிட்டார். அவரு பாத்ததத்தான் நீங்களும் பாக்கணும். புதர்ல எந்த உயரத்துல குப்பை சிக்கியிருக்கு, கல்லு கூர்மையா இருக்கா உருண்டையா இருக்கா, மண்ணு காஞ்சு ஓடு மாதிரி சுருண்டு வெடிச்சிருக்கா, கரை அறுத்து நிக்குதா. இதுல எது இருந்தாலும் அது தண்ணியோட பாதை. டென்ட் அதுக்கு மேல ரெண்டு ஆள் உயரமாவது ஏறி இருக்கணும், வண்டியும் அப்படியே.

தலைக்கு மேல மேகம் இல்லன்னு நெனச்சு ஏமாறக் கூடாது. 1997 ஆகஸ்ட் 12ல ஆரிசோனா பக்கம் ஆன்டிலோப் கேன்யன்ல 11 பேர் செத்துப்போனாங்க, மழை பெஞ்சது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர்ல ஸையன் பார்க்ல கீஹோல் கேன்யன்ல 7 பேர். மோஆப் ஊருக்குள்ளயே 2022 ஆகஸ்ட்ல கடைத்தெரு வரைக்கும் சேத்துத் தண்ணி ஏறுச்சு. பாறை தண்ணிய உறிஞ்சாது, பெய்யறது அப்படியே வழிஞ்சு ஓடைக்கு வந்துடும், அதான் காரணம். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை சீசன், அப்பத்தான் ஆபத்து அதிகம், மத்தியானம் வரைக்கும் நீலமா இருந்துட்டு மூணு மணிக்கு இடி இடிக்கும். அரசாங்க வானிலை ஆபீஸ் அன்னைக்கு திடீர் வெள்ளம் வர வாய்ப்பு எவ்ளோன்னு போடறாங்க, காலைல சிக்னல் இருக்கிற எடத்துலயே அத பாத்துட்டு உள்ள போங்க.

மழை பேஞ்சா ரோடும் போயிடும். அங்க சில மண்ணு, சாம்பலும் ஊதாவும் பச்சையும் கலந்த கலர்ல இருக்கும், எரிமலைச் சாம்பல்ல இருந்து வந்த களிமண்ணு, காஞ்சிருக்கும்போது சிமென்ட் ரோடு மாதிரி சல்லுன்னு போகலாம், நனைஞ்சா கிரீஸ் தடவுன மாதிரி. ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, நாலு சக்கரமும் சேந்து வழுக்கும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்படி ஒரு ரோட்டுல உள்ள தங்கி, ராத்திரி மழை பேஞ்சு, ஒன்றரை நாள் வெளிய வர முடியாம உக்காந்திருந்தாங்க, காய்ஞ்சதும் எந்தச் சேதமும் இல்லாம வந்தாங்க. கைல தண்ணியும் சாப்பாடும் கூடுதலா இருந்ததால பயப்படல. மழை வரும்னு சொல்லியிருந்தா தார் ரோட்டுல இருந்து எட்டின தூரத்துலயே தங்குங்க.

எடம் கிடைச்சப்புறம் டென்ட்ட எந்தப் பக்கம் போடறதுன்னு பலபேர் யோசிக்கறதே இல்ல. கேன்யன் உள்ள பாறைச் சுவர்தான் கடிகாரம். மே மாசத்துக்கு மேல வெயில் காலத்துல போனா கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிற சைட்ட எடுங்க, சூரியன் சுவர தாண்டி வர ஒன்பது பத்து மணி ஆகும், பசங்க நிம்மதியா தூங்குவாங்க. மார்ச்லயும் நவம்பர்லயும் அதுக்கு நேர் எதிரா, கிழக்கு திறந்திருக்கிற சைட்டா பாருங்க, முதல் வெயில் உடம்புல பட்டாதான் கைய வெளிய நீட்ட முடியும். பகல் 70 டிகிரி ஃபாரன்ஹீட்னு பாத்துட்டு மெல்லிசு போர்வையோட வந்துடாதீங்க, பகல விட ராத்திரி முப்பது டிகிரி சர்வசாதாரணமா எறங்கும். உயரமும் கணக்கு, மோஆப் ஊரு 4,000 அடி, ஐலண்ட் இன் த ஸ்கை 6,000 அடி. செங்குத்துச் சுவருக்கு ரொம்ப நெருங்கியும் போடாதீங்க, கீழ புதுசா உடைஞ்ச கல்லு, உள் பக்கம் வெளிர் கலரா தெரியற கல்லு கிடந்தா அது மேல இருந்து அண்மையில விழுந்தது. காட்டன்வுட் மரத்துக்கு நேர் கீழயும் வேண்டாம், காத்தே இல்லாம கிளை முறிஞ்சு விழும்.

காத்து பத்தி சொல்லணும். ஏப்ரல், மே மாசத்துல மத்தியானத்துக்கு மேல அடிக்கும் பாருங்க, டென்ட் தரையோட படுத்து எந்திரிக்கும். கூட வர்ற மெல்லிய ஆணி மணல்ல நிக்கவே நிக்காது. நாங்க பண்றது, ஒரு துணிப்பையில மணல் நிரப்பி கயித்த அதுல கட்டி, ஒரு முழம் குழி தோண்டி புதைச்சு மேல பெரிய கல்லு வச்சிடுவோம், எத்தன காத்து அடிச்சாலும் அசையாது. காலைல கல்ல எடுத்த எடத்துலயே வச்சுட்டு குழிய மூடிடணும். உள் டென்ட் முழுக்க வலையா இருந்தா தூங்கி எந்திரிக்கும்போது வாய்க்குள்ள மணல் இருக்கும், கால்வாசிக்காவது துணி ஏறி இருக்கிற டென்ட்டா பாத்து வாங்குங்க. வெளிய சுத்தப் போகும்போது காத்து பலமா இருந்தா கம்பிய கழட்டி டென்ட்ட தட்டையா மடக்கிப் போட்டுட்டுப் போயிடுங்க, நாங்க எப்பவும் அப்படித்தான்.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், அது குடிக்கவும் சமைக்கவும். பாத்திரம் கழுவ, கை கால் கழுவ தனி. ஏழு கேலன் பிடிக்கிற குழாய் வச்ச கேன் வாங்கிட்டா பெரிய நிம்மதி, நாங்க ரெண்டு வச்சிருக்கோம், மோஆப்லயே நிரப்பிப்போம், நீடில்ஸ் பக்கம் தங்குனா அங்க விசிட்டர் சென்டர்ல புடிச்சுக்கலாம். ஆத்துத் தண்ணி பக்கத்துலயே ஓடுதேன்னு பாக்காதீங்க, கொலராடோ ஆறு வண்டல் கலந்து காபி கலர்ல வரும், ஃபில்டர் பத்து நிமிஷத்துல அடைச்சுக்கும். சமையல்லயும் தண்ணி மிச்சம் பண்ணலாம், முதல் நாளுக்கு புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்குன்னு கட்டிட்டுப் போயிடுவேன், பாத்திரமே விழாது. அப்புறம் ஒரே குக்கர்ல சாம்பார் சாதமோ பொங்கலோ, அத வழிச்சுட்டு டிஷ்யூ வச்சு துடைச்சுட்டு அப்புறம் கழுவுனா ஒரு சொம்பு தண்ணி போதும். சாப்பாட்டு சாமான் எல்லாம் வண்டிக்குள்ளதான் இருக்கணும். அங்க இருக்கிற அண்டங்காக்கா ஜிப்ப அலகால திறக்கும், நான் கண்ணால பாத்திருக்கேன், பக்கத்து சைட் பையனோட பைல இருந்து ரொட்டி பாக்கெட்ட உருவிட்டுப் பறந்துச்சு.

டாய்லெட் விஷயத்த யாரும் வெளிப்படையா பேச மாட்டேங்கறாங்க, ஆனா இதனாலதான் ஒவ்வொரு எடமா மூடறாங்க. பாலைவனத்துல மண்ணுக்குள்ள புதைச்சா மக்காது, ஈரமே இல்ல. கேம்ப்கிரவுண்டு இல்லாத எடத்துல தங்குனா கழிவையும் எடுத்துட்டுதான் வரணும், மோஆப் பக்கம் நிறைய எடத்துல அது கட்டாய விதி. வேக் பேக்னு விக்கறாங்க, உள்ள பொடி இருக்கும், நாத்தத்த அடக்கி கெட்டியாக்கிடும், ரெண்டு உறை போட்டு இறுக்கி ஊர்ல குப்பைத் தொட்டில போடலாம். மடக்கு ஸ்டூல் ஒண்ணும் சின்ன மறைப்புக் கூடாரம் ஒண்ணும் வாங்கிட்டோம், மாமியாரே "இது வசதியாத்தான் இருக்கு"ன்னுட்டாங்க. விறகும் அப்படித்தான், அங்க கிடக்கிற காஞ்ச கட்டைய பொறுக்காதீங்க, ஊர்ல வாங்கிட்டுப் போங்க, ஒரு ஜூனிபர் மரம் அந்த அளவு வளர நூத்துக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும்.

ரெண்டு மூணு தடவ போய் பழகினவங்க தெற்க வேலி ஆஃப் த காட்ஸ் போய் பாருங்க. மெக்சிகன் ஹேட்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, 17 மைல் மண் ரோடு, ரெண்டு பக்கமும் தனித்தனியா கோட்டை கோட்டையா பாறை நிக்கும், பி.எல்.எம் நிலம், ஏற்கனவே ஆளுங்க தங்குன மொட்டை எடத்துல காசில்லாம தங்கலாம், நெருப்பு மட்டும் போடக் கூடாது. அங்க இருந்து மேல ஏற மோக்கி டக்வேன்னு ஒரு கொண்டை ஊசி ரோடு, 1950கள்ல யுரேனியம் தாது லாரி போகப் போட்டது, மூணு மைல் ஜல்லி, சுமார் 1,100 அடி ஏத்தம், ஓரத்துல தடுப்புச் சுவர் கிடையாது. பகல்லயே ஏறிடுங்க, ட்ரெய்லர் இழுத்துட்டுப் போகாதீங்க. அங்க ராத்திரி நட்சத்திரம் பாக்கறதுக்குன்னே போகலாம், பக்கத்துல இருக்கிற நேச்சுரல் பிரிட்ஜஸ்ங்கிற பார்க்தான் உலகத்துலயே முதல் டார்க் ஸ்கை பார்க், அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காத இருட்டு வானத்துக்குன்னு குடுக்கிற பட்டம், 2007ல குடுத்தாங்க. அதுக்குள்ளயும் 13 சைட் இருக்கு, முதல்ல வர்றவங்களுக்கு.

எப்ப போறதுன்னு கேட்டா ஏப்ரல் முதல் பாதி, இல்லன்னா அக்டோபர். மே கடைசில இருந்து ஜூன் பாதி வரைக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பூச்சி வரும், காதோரம், தலைமுடி ஓரமா கடிக்கும், பசங்களுக்கு வீங்கிடும், கொசு மருந்துக்கு அவ்ளோவா அசையாது, மெல்லிய வலைத் தொப்பி ஒண்ணுதான் வழி. ஸ்கூல் லீவு ஜூலைலதான் கிடைக்குது, வேற வழியில்லன்னு சொல்றவங்க கீழ தங்காதீங்க, மோஆப்ல பகல் 100 டிகிரி சாதாரணம், ராத்திரியும் டென்ட்டுக்குள்ள வேகும். நேரா லா சால் மலை ஏறிடுங்க, வார்னர் லேக்னு ஃபாரஸ்ட் கேம்ப்கிரவுண்டு, 9,400 அடி, ஆஸ்பன் மரமும் சின்ன ஏரியுமா ஸ்வெட்டர் போட்டுத் தூங்கலாம். காலைல அஞ்சு மணிக்கு எறங்கி வந்து ஆர்ச்சஸ் பாத்துட்டு, பதினோரு மணிக்கெல்லாம் திரும்ப மேல ஏறிடுவோம் நாங்க. வார்னர் லேக் ஆன்லைன்ல புக் பண்ற எடம், சனி ஞாயிறுக்கு சீக்கிரம் போயிடும், லீவு தேதி தெரிஞ்ச அன்னைக்கே போட்டுடுங்க.